சட்டித் தயிரில் குளு குளு மரக்கறிச் சலாட்

மட்டக்களப்பில் இருந்துகொண்டு சலாட்டுக்கு மயோனைஸ் போத்தல் தேடத் தேவையே இல்லை. சட்டியில் உறைந்த எருமைத் தயிர் இருக்கிறதே! பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் அளவில்தான். எருமைப்பாலில் 7, 8 வரை இருக்கும். சலாட்டுக்கு வேண்டிய வழவழப்பு அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது.

இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கரட், ஒரு பிடி போஞ்சி. சிறிதாக வெட்டி, உப்புப் போட்டு, குழையாமல் அவியுங்கள். வெள்ளரிக்காய் பச்சையாகவே சேரட்டும்.

இந்தச் சலாட்டைக் கெடுப்பது தண்ணீர்தான். வெள்ளரிக்காயின் விதையைச் சுரண்டி எடுத்து, வெட்டி, உப்புப் பிசறி 15 நிமிடம் வையுங்கள். உப்பு நீரை வெளியே இழுத்துவிடும், நன்றாகப் பிழியுங்கள். ஒரு கோப்பைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி, அரை மணி நேரம் தொங்கவிட்டால் கிறீம் போலத் திரண்டு வரும். அவித்த மரக்கறி முழுதாக ஆறிய பிறகே தயிரைச் சேருங்கள். சூட்டோடு கலந்தால் தயிர் நீர்த்துப்போகும், இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

பிறகு சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள். தயிர் புளித்திருந்தால் தேசிக்காய் விடாதீர்கள். கலந்ததைப் பிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, சாப்பிடும் நேரம் எடுங்கள். புரியாணியோடு அருமையாக இருக்கும். நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால்.