கைவிடப்பட்ட மருந்தைப் படிப்பது எப்படி?

கைவிடப்பட்ட மருந்தொன்றைப் படிக்க உட்கார்ந்தால், ‘ஏன் நிறுத்தினார்கள்’ என்ற பகுதிக்கு உடனே தாவ வேண்டாம். என் மருந்தியல் மாணவர்களை முதலில் ஒரு வரிதான் எழுதச் சொல்வேன்: மருந்து எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது, ஒட்டியபின் அதைத் தூண்டுகிறதா, தடுக்கிறதா? டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மருந்துக்கு அது சுலபம். ஒவ்வாமையின்போது சுரக்கும் ஹிஸ்டமினை எச்1 ஏற்பி என்னும் புரதத்தில் வேலை செய்யவிடாது. தூக்கக் கலக்கம் தராது என்பதால் அதற்கு நல்ல வரவேற்பும் இருந்தது.

அப்புறம், விழுங்கிய மாத்திரை உடலில் என்னவாக மாறுகிறது என்று பாருங்கள். பலர் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். இங்கே நிதானம் வேண்டும். டெர்ஃபெனடினைக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள சிஒய்பி3ஏ4 நொதி ஏறக்குறைய முழுவதுமாக மாற்றிவிடுகிறது. ஒவ்வாமையைத் தணிப்பது பெரும்பாலும் அதனால் உருவாகும் ஃபெக்சோஃபெனடின். மாறாமல் மிஞ்சும் டெர்ஃபெனடினோ இதயச் செல்களின் ஹெர்க் என்னும் பொட்டாசியம் சேனலை அடைக்கும். பொட்டாசியம் வெளியேறத் தாமதமானால், துடித்த செல் ஓய்வு நிலைக்குத் திரும்பவும் தாமதமாகும். இசிஜியில் அந்த நேரத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி நீளும். சிலருக்கு உயிரைப் பறிக்கும் துடிப்புக் கோளாறு வரும். வழக்கமான அளவில் மாறாத டெர்ஃபெனடின் ரத்தத்தில் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதே இல்லை. கூடவே பூஞ்சைக்கான கீட்டோகோனசோலோ, பாக்டீரியாவுக்கான எரித்ரோமைசினோ சாப்பிட்டால் நொதி முடங்கி, மாறாத மருந்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். 1998-இல் அமெரிக்காவில் டெர்ஃபெனடின் விலக்கப்பட்டது. ஃபெக்சோஃபெனடின் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சரி, இப்போது நிறுத்திய காரணத்துக்கு வரலாம். தீங்கு வந்தது குறிவைத்த இடத்திலா, வேறிடத்திலா? சிஇடிபி என்ற புரதத்தைத் தடுக்கும் டார்செட்ராபிப், ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல்லைச் சொன்னபடியே உயர்த்தியது. ஆனால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் ரத்த அழுத்தமும் சேர்ந்து ஏறின. மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் சோதனை நின்றது. அதே புரதத்தைத் தடுக்கும் அனாசெட்ராபிப் அழுத்தத்தை அப்படி உயர்த்தவில்லை. ஆகவே அந்த ஏற்றத்துக்குப் பழி இலக்கின் மேல் விழாது. 2004-இல் திரும்பப் பெறப்பட்ட வலிநிவாரணி ரோஃபெகாக்ஸிப் இதற்கு நேர்மாறு. அது தடுத்த காக்ஸ்-2 நொதிக்கு, ரத்தம் உறையாமல் காக்கும் புரோஸ்டாசைக்ளினை உண்டாக்குவதிலும் பங்கு உண்டு. வலியைக் குறைத்த அதே தடுப்பு மாரடைப்பு அபாயத்தையும் கூட்டியது.

இன்னும் சோதனையில் இருக்கும் மருந்தானால் கூடுதலாக ஒன்று பாருங்கள்: ஆய்வகத்தில் பலன் தந்த செறிவு, மனித ரத்தத்தில் பாதுகாப்பாக எட்டக்கூடியதா? அந்த எண் கிடைக்கும்வரை, செயல்முறை விளக்கத்தின் பக்கத்தில் ‘கருதுகோள்’ என்றே எழுதி வையுங்கள்.