பல்லாண்டுக் காட்டுப் பட்டாணியை அடையாளம் காண்பது எப்படி?

பூவின் நிறத்தை மட்டும் பார்த்து இது பல்லாண்டுக் காட்டுப் பட்டாணிதான் (அறிவியல் பெயர்: லாதைரஸ் லாட்டிஃபோலியஸ்) என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஐரோப்பாவைச் சேர்ந்த இந்தக் கொடி, தோட்டங்களிலிருந்து தப்பிப் பல நாடுகளில் சாலையோரங்களிலும் ரயில் பாதை மேடுகளிலும் தானாகவே வளர்கிறது. அடர் இளஞ்சிவப்பு, வெளிர் இளஞ்சிவப்பு, வெள்ளை என எந்த நிறத்திலும் பூக்கும். இளஞ்சிவப்பில் பூக்கும் பங்காளி இனங்களும் உண்டு. மில்லிமீட்டர் அளவுகோலும் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸும் இருந்தால் போதும்.

முதலில் அடிப்பகுதியைப் பாருங்கள். தடித்த வேரின் தலையிலிருந்து பல தண்டுகள் கிளம்பி, பக்கத்திலேயே போன பருவத்தின் காய்ந்த தண்டுகளும் கிடந்தால் அது பல்லாண்டுச் செடி.

அடுத்து தண்டு. இரு பக்கமும் தட்டையான பச்சைச் சிறகு ஓடும். நுனித் தளிரில் சிறகு குறுகலாக இருந்து ஏமாற்றும்; தண்டின் நடுப்பகுதியில் பாருங்கள். சிறகே இல்லாமல் வெறும் கோணத் தண்டாக இருந்தால் அது லாதைரஸ் டியூபரோசஸாக இருக்கலாம். பூ மஞ்சள் என்றால் லாதைரஸ் பிராட்டென்சிஸைச் சந்தேகியுங்கள்.

இலையில் ஒரே ஒரு சோடி சிற்றிலைகள், முனையில் கிளைவிட்ட பற்றுக்கம்பி. இலைக்காம்பிலும் சிறகு உண்டு. பலர் குழம்புவது லாதைரஸ் சில்வெஸ்ட்ரிஸோடுதான். அதற்கும் சிறகுத் தண்டு, ஒரே சோடி சிற்றிலை. இங்கே கைகொடுப்பது இலைக்காம்பின் அடியில், பாதி அம்புமுனை வடிவில் இருக்கும் இலையடிச் செதில். அதன் அகலம் தண்டின் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் லாட்டிஃபோலியஸ், பாதிக்கும் குறைவென்றால் சில்வெஸ்ட்ரிஸ். ஒரே செதிலை நம்பாமல் நான்கைந்து கணுக்களில் அளந்து பாருங்கள். பூவின் நீளமும் துணை நிற்கும்: முன்னதில் 2 முதல் 3 செ.மீ., பின்னதில் பெரும்பாலும் 2 செ.மீ.க்குள், நிறமும் மங்கல்.

மணம் வந்தால் நிதானியுங்கள். லாட்டிஃபோலியஸுக்கு மணம் கிடையாது. நல்ல மணம், ரோமம் படர்ந்த தண்டு, ஒரு காம்பில் இரண்டு மூன்று பூ மட்டும் என்றால் அது ஒரு பருவத்தில் மடியும் ஸ்வீட் பீ. லாட்டிஃபோலியஸின் பூங்கொத்தில் பெரும்பாலும் ஐந்துக்குக் குறையாமல் இருக்கும்.

லாதைரஸ் அல்ல, அதே பட்டாணிக் குடும்பத்தின் இன்னொரு பேரினமான வீசியாவோ என்ற ஐயம் வந்தால் ஒரு பூவைப் பிரியுங்கள். மேலே விரிந்த பெரிய கொடியிதழையும் பக்கவாட்டுச் சிறகிதழ்களையும் கழற்றி, அடியில் படகு போல மடிந்த படகிதழைப் பிளந்து, உள்ளே சூலகத்தின் முனையிலிருந்து நீளும் சூல்தண்டை லென்ஸில் பாருங்கள். லாதைரஸில் அது தட்டையாக இருக்கும். பல் துலக்கும் பிரஷ் போல உள்பக்கம் மட்டுமே மயிர் நிற்கும். வீசியாவில் நுனியைச் சுற்றியோ வெளிப்பக்கமோ மயிர் இருக்கும். மொட்டில் இது தெளிவாகத் தெரியாது. நன்கு விரிந்த பூவையே எடுங்கள்.

காய் தட்டையாக, 5 முதல் 11 செ.மீ. நீளத்தில், ரோமமின்றி வழுவழுப்பாக இருக்கும். ஸ்வீட் பீயின் காயில் ரோமம் உண்டு. பட்டாணி போலத் தெரிந்தாலும் விதையை வாயில் போட்டுப் பார்க்காதீர்கள்: அதில் நரம்பைப் பாதிக்கும் அமினோ அமிலம் இருக்கிறது.