முன்னெச்சரிக்கை விமான ரேடார்: கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

மலேசியாவில் விமானப்படைத் தளம் உள்ள பட்டர்வொர்த்தில் குடியிருந்தால் ஹார்னெட் போர் விமானச் சத்தம் காதுக்குப் பழகிவிடும், விமானப் பைத்தியமும் கூடவே தொற்றிக்கொள்ளும். என் அக்கா மகனுக்குத் தொற்றியிருப்பது முன்னெச்சரிக்கை விமானப் பைத்தியம், அதாவது எதிரி விமானத்தைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கப் பெரிய ரேடாரைச் சுமந்துகொண்டு பறக்கிற வகை. போன வாரம் மாமாக் கடையில் உட்கார்ந்து, ரொட்டி சானாய் எண்ணெய் ஒட்டிய விரலால் கைப்பேசியைத் தள்ளித் தள்ளி, எந்த விமானத்தின் ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும் என்று ஓர் அட்டவணையைக் காட்டினான். “மாமா, இதுக்கு 450 கிலோமீட்டர், அதுக்கு 400தான். அப்ப இதுதானே கெட்டி?”

இல்லை. பாதிப் பேர் விழுவதே இந்த இடத்தில்தான். 450 கிலோமீட்டரில் எதைப் பார்க்கும் என்று முதலில் கேட்க வேண்டும். ரேடார் அனுப்பும் அலை போய் மோதித் திரும்பி வருவதற்குள், தூரத்தின் நான்காம் அடுக்கில் பலம் குறைந்துவிடும். அதனால் ஓர் இலக்கு ரேடாருக்குத் தெரியும் பரப்பு பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கினால், அதைக் கண்டுபிடிக்கும் தூரம் பாதியாகும். பெரிய பயணிகள் விமானத்தை 400 கிலோமீட்டரில் பிடிக்கிற ரேடார், அதில் பதினாறில் ஒரு பங்கு மட்டும் எதிரொலிக்கும் சின்னப் போர் விமானத்தை 200க்கு வந்த பிறகுதான் பிடிக்கும். இதையே திருப்பிப் பாருங்கள்: மின்சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் தூரம் 19 விழுக்காடுதான் கூடும். ஆகவே இலக்கைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொல்வது, மீன் கடையில் கிலோவா துண்டா என்று சொல்லாமல் விலை சொல்கிற மாதிரி.

அடுத்தது உயரம். பூமி உருண்டை என்பது ஒப்பிட உட்கார்ந்தால் எல்லாருக்கும் மறந்துபோகிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் ரேடாரின் அடிவானம் கிலோமீட்டரில் வந்துவிடும். நம் பினாங்குக் கொடிமலை 833 மீட்டர். அதன் உச்சியில் ரேடாரை நட்டாலும் கடலை ஒட்டி வருவது சுமார் 119 கிலோமீட்டருக்குள் நுழைந்தால்தான் தெரியும். ரேடாரை ஏற்றிய விமானம் 6,000 மீட்டரில் பறந்தால் அது 320 கிலோமீட்டர், 9,000 மீட்டரில் 390, ஜெட் விமானம் 12,000 மீட்டருக்கு ஏறினால் 450. இப்போது ரேடாரை விட்டுவிட்டு, அது எந்த விமானத்தில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அவ்வளவு உயரம் ஏறாத, சுழலி வைத்த டர்போபிராப்பா ஜெட்டா என்பதே சில நேரம் விடையை மாற்றிவிடும்.

விமானத்தின் முதுகில் ரேடார் தட்டு சுற்றினால் பழசு, சுற்றாவிட்டால் புதுசு என்பது இன்னொரு தவறு, எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதும் இதில்தான். அமெரிக்காவின் இ-3 சென்ட்ரி விமானத்தின் தட்டு 9.1 மீட்டர் அகலம், ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி. மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் இலக்கு அதற்குள் இரண்டரை கிலோமீட்டர் நகர்ந்துவிடும், அது உண்மையான குறைதான். ஆனால் இ-2டி ஹாக்ஐயின் தட்டு சுற்றவும் செய்யும், ஆன்டெனா அசையாமலே ரேடார் அலைக் கற்றையை மின்னணு முறையில் திருப்பவும் செய்யும், அதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? மறுபக்கம், இந்தியா இல்யூஷின் 76 மீது ஏற்றிய ஃபால்கன் ரேடாரைப் படத்தில் பார்த்துவிட்டு, தட்டு இருக்கிறதே, சுற்றும் என்று எழுதுகிறார்கள். அது சுற்றாது. உள்ளே மூன்று ஆன்டெனாப் பலகைகள் முக்கோணமாக நிற்கின்றன, ஆளுக்கு 120 பாகை.

சுற்றாத பலகைக்கும் ஒரு விலை உண்டு. நேர் எதிரே பார்க்கும்போதுதான் அதற்கு முழு பலம். கற்றையை 60 பாகை சாய்த்தால் ஆன்டெனாவின் பயன்படும் அகலம் பாதியாகிறது, அனுப்பும்போதும் வாங்கும்போதும் இழப்பதால் தூரம் கிட்டத்தட்ட 70 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். முதுகில் நீளக் கட்டை மாதிரி இருக்கும் சுவீடனின் எரிஐ இரு பக்கமும் நன்றாகப் பார்க்கும், மூக்குப் பக்கமும் வால் பக்கமும் பலவீனம். இந்தியாவின் நேத்ராவும் அப்படியே, 240 பாகைதான். ஆஸ்திரேலியாவின் வெட்ஜ்டெயில் அந்த ஓட்டையை அடைக்கத்தான் கட்டையின் மேல் தொப்பி மாதிரி ஒன்றை வைத்திருக்கிறது. சிங்கப்பூரின் ஜி550 விமானம் வேறு வழியில் போனது: பக்கங்களில் எல் பேண்ட் என்ற நீண்ட அலை ரேடார், மூக்கிலும் வாலிலும் எஸ் பேண்ட் என்ற குட்டை அலை ரேடார்.

சரி, பேண்ட் விஷயம், அதாவது ரேடார் எந்த அலைநீளத்தில் வேலை செய்கிறது என்பது. யூஎச்எஃப் என்பது எல் பேண்டை விடவும் நீண்ட அலை; ஸ்டெல்த் என்பது ரேடாரில் எளிதில் சிக்காதபடி வடிவமைத்த விமானம். “யூஎச்எஃப் ரேடாருக்கு ஸ்டெல்த் தெரியும், கதை முடிந்தது” என்று ஒரு கூட்டம் சொல்லும். அலைநீளம் விமானத்தின் வால் துடுப்பு அளவுக்கு நெருங்கும்போது ஸ்டெல்த் வடிவம் சரியாக வேலை செய்யாது என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கற்றையின் அகலம் ஏறக்குறைய அலைநீளத்தை ஆன்டெனாவின் அகலத்தால் வகுத்தால் வருவது. 450 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 67 சென்டிமீட்டர், ஆன்டெனா 7 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 400 கிலோமீட்டரில் கற்றை 38 கிலோமீட்டருக்கு விரிந்திருக்கும், பினாங்குத் தீவை விட அகலம். அதே ஆன்டெனா 10 சென்டிமீட்டர் எஸ் பேண்டில் 6 கிலோமீட்டருக்குள் நிற்கும். ஏதோ வருகிறது என்பதற்கும் இன்ன இடத்தில் இரண்டு வருகின்றன என்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. கற்றைக்குள் சரியான இடத்தைக் கணினி ஓரளவு கணித்துவிடும், ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் பறக்கும் இரண்டைப் பிரிப்பது கஷ்டம். வெட்ஜ்டெயிலின் எல் பேண்ட் நடுவில் நிற்கிற சமரசம்.

அப்புறம், மலேசியாவில் அடிக்கடி கேட்பது: 2023 லங்காவி லீமா கண்காட்சியில் கையெழுத்தான இரண்டு ஏடிஆர் 72 விமானங்களையும் இந்த அட்டவணையில் சேர்ப்பது. அவை கடல் ரோந்து விமானங்கள், முக்கிய வேலை கப்பலைத் தேடுவது. வேறு வேலைக்குச் செய்த விமானத்தை இதோடு ஒப்பிட்டால் இரண்டுக்குமே அநியாயம்.

அக்கா மகன் மறுநாளே அட்டவணையைத் திருத்தி அனுப்பினான். ‘தூரம்’ பக்கத்தில் ‘எதை?’, ‘எவ்வளவு உயரத்திலிருந்து?’, ‘எந்தப் பக்கம்?’ என்று மூன்று கட்டங்கள் புதிதாக. முக்கால்வாசி காலி. “விளம்பரத் தாள்ல போடவே இல்ல மாமா” என்று கீழே எழுதியிருந்தான்.