தனியாளாக ஹொபி ஓட்டும்போது பெரிய பாயைச் சீர்செய்வது

ஹொபி 16 இருவர் சேர்ந்து ஓட்டுவதற்கென அமைந்த இரட்டை உடல் படகு. ஒருவர் சுக்கானையும் பெரிய பாயையும் பார்த்துக்கொள்ள, மற்றவர் முன்பாயைக் கவனித்தபடி தம் எடையால் படகைச் சமப்படுத்துவார். தனியாக ஏறுபவருக்கோ ஒரு கை சுக்கானிலும் மறு கை பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் மெயின்சீட் கயிற்றிலும் போய்விடுவதால், மூன்றாவது கயிற்றைத் தொட நேரமே வாய்ப்பதில்லை. ஆகவே கரையில் முடிக்கக்கூடிய வேலை எதையும் தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மட்டக்களப்பு வாவியில் இறங்குபவர் முதலில் அன்றைய காற்று எதுவென்று பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் வீசும் கச்சான் தரையைக் கடந்து வருவதால் ஒரே சீராக இராது. மரங்களுக்கும் வீடுகளுக்கும் இடையால் புகுந்து, ஓய்ந்துவிட்டதுபோல் இருந்துவிட்டுத் திடீரென அறையும். பிற்பகலில் கிழக்கிலிருந்து எழும் கடற்காற்று அதைவிடச் சீரானது. பாசிக்குடாவில் கச்சான் வீசும் நாளில் கரையோரத் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தாலும் காற்று உங்களை வெளிக்கடலை நோக்கியே தள்ளும் என்பதால், அன்று தனியாக இறங்காமலிருப்பதே நல்லது.

படகின் முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பி வைத்துப் பாயை ஏற்றுங்கள். பாய்மரம் 8 மீற்றருக்கு மேல் உயரமானதும் அலுமினியத்தாலானதும் என்பதால், வண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் வழியில் மின்கம்பிகள் உள்ளனவா என்று அண்ணாந்து பார்க்காமல் நகர வேண்டாம். பாய் உச்சிக்கு ஏறியதும் டவுன்ஹோல் கயிற்றை இழுக்க வேண்டும். இந்தப் படகில் அது பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் அடிக்கட்டையையே பாய்மரக் காடியில் கீழே இறக்கி, பாயின் முன்விளிம்பை விறைப்பாக்குகிறது. மென்காற்றில் முன்விளிம்பையொட்டிச் சிறு குறுக்குச் சுருக்கங்கள் இருக்கலாம். காற்று வலுக்க வலுக்க அவை மறையும்வரை இழுத்தால் பாயின் வயிறு தட்டையாகி முன்னே நகர்வதோடு, உச்சிப் பகுதி சற்றே திறந்து அதிகப்படியான காற்றை வழியவிடும். இருவர் போகும்போது சராசரிக் காற்றுக்கு ஏற்ப இழுப்பது போதும். தனியாளோ அன்று எதிர்பார்க்கும் மிகப் பலமான வீச்சுக்கு ஏற்பவே இழுத்துக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டும். அடிவிளிம்பை இழுக்கும் அவுட்ஹோலுக்கும் இதே கணக்குத்தான். பாய்க்குச்சிகளை அவற்றின் உறைகளில் சுருக்கம் மறையுமளவுக்குக் கட்டினால் போதும்.

முன்பாயைச் சுருட்டிவிட்டுப் பெரிய பாயோடு மட்டும் போனால் வேலை குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அப்போது படகு ஓயாமல் காற்றை நோக்கியே திரும்பப் பார்க்கும்; முகத்தைக் காற்றுக்குக் குறுக்கே கடத்திப் பக்கம் மாற்றும்போது பாதியில் நின்றும்விடும்.

தண்ணீரில் உங்கள் கைக்கு மிஞ்சுபவை மெயின்சீட்டும், பின் குறுக்குச் சட்டத்தில் ஓடி மெயின்சீட்டின் அடியைப் பக்கவாட்டில் நகர்த்தும் ட்ரவலரும் மட்டுமே. காற்றை எதிர்த்து ஏறும்போது ட்ரவலரை நடுவில் வைத்து, மெயின்சீட்டை இறுக்கிப் பிடியுங்கள். வீச்சு வந்து காற்று வரும் பக்கத்து உடல் மேலெழத் தொடங்கினால் மெயின்சீட்டை ஒரு முழம் விட்டுக்கொடுங்கள். உச்சி திறந்து படகு அமரும். வீச்சுகள் ஓயாமல் வந்து கை சோரத் தொடங்கினால், ட்ரவலரை நடுவிலிருந்து காற்று போகும் பக்கமாக ஒரு சாண் இறக்கிப் பூட்டிவிட்டு அந்த நிலையிலேயே ஓட்டலாம். பக்கக்காற்றில் அதை இன்னும் வெளியே விட வேண்டும். பின்காற்றில் கிட்டத்தட்ட ஓரம்வரை விடலாம். பின்காற்றில் வீச்சு வரும்போது மட்டும் காற்றை நோக்கித் திருப்பாமல், அதற்கு விலகியே திருப்புங்கள். மாறாகத் திருப்பினால் காற்று போகும் பக்கத்து உடலின் முகம் தண்ணீரில் குத்தி, படகு தலைகீழாகக் கவிழும். மெயின்சீட்டை எந்த நிலையிலும் கவ்வியில் பூட்டிவிட்டுக் கையை எடுக்க வேண்டாம். அதன் வால்நுனியே ட்ரவலர் கயிறாகவும் இருப்பதால், உட்காரும் துணித்தட்டில் கயிறு குவிந்து காலைச் சுற்றிக்கொள்வது மிக எளிது.

பக்கம் மாற்றும்போது முகம் காற்றைக் கடக்கும் கணத்தில் மெயின்சீட்டைத் தாராளமாக இளக்குங்கள். இறுகிய பாய் படகைக் காற்றுக்கு நேரே நிறுத்திவிடும். அப்படி நின்றுவிட்டால் அடிக்கட்டையைக் கையால் வெளியே தள்ளிப் படகைப் பின்னோக்கி நகரவிட்டு, சுக்கானை எதிர்ப்புறம் திருப்பி மீட்கலாம். டவுன்ஹோலை மீண்டும் தொட வேண்டிய தேவை வந்தால், ஓடும் படகில் அதைச் செய்ய முயல வேண்டாம். ட்ரவலரையும் மெயின்சீட்டையும் முழுக்க விட்டுப் பாயைப் படபடக்க விடுங்கள். படகு ஏறக்குறைய நின்றுவிடும். மீன்வலை கட்ட நட்ட கம்புகள் அருகில் இல்லையென்று பார்த்துக்கொண்டு முன்னே போய்ச் சரிசெய்யலாம்.

வாவி ஆழம் குறைந்தது. கவிழ்ந்தால் பாய்மர நுனி சேற்றில் குத்திக்கொள்ளக்கூடும் என்பதால் உச்சியில் ஒரு மிதவையைக் கட்டிக்கொள்ளுங்கள். எடை குறைந்த ஒருவரால் இந்தப் படகைத் தனியாக நிமிர்த்துவது கடினம். எடை கூட்டுவதற்காக நீர் நிரப்பிக் கயிற்றில் தொங்கவிடும் நீர்ப்பை ஒன்றைக் கூடவே கொண்டுபோக வேண்டும். நிமிர்த்துவதற்கு முன் மெயின்சீட்டையும் ட்ரவலரையும் கவ்விகளிலிருந்து விடுவித்துவிடுங்கள். இல்லையென்றால் நிமிர்ந்த மறுகணமே பாய் காற்றைப் பிடித்து, நீங்கள் ஏறுமுன் படகு தனியே ஓடிவிடும்.