பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் அசல் வால்வுகளை அடையாளம் காணுதல்
மின்இணைப்பைத் துண்டித்து, வால்வுகள் (ஒலிக்குறிப்பைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள்) நன்றாக ஆறிய பிறகே பின்பலகையைக் கழற்ற வேண்டும். மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும் என்பதால் சேசிஸின் (மின்பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டத்தின்) உட்புறத்தைத் தொடக் கூடாது. அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள் பலவற்றின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் வால்வு அட்டவணையில் ஆங்கில ஈரெழுத்து முத்திரை ஒன்று காணப்படும்: முதலெழுத்து ஆண்டையும் (‘ஏ’ என்றால் 1951), அடுத்தது மாதத்தையும் குறிப்பதால், ‘என்கே’ (NK) என்பது 1964 நவம்பர் ஆகும்.

அமெரிக்க வால்வில் 312-6438 என்றிருந்தால், 312 தயாரிப்பாளரான சில்வேனியாவையும், மீதி 1964-இன் 38ஆம் வாரத்தையும் காட்டும். 188 ஜெனரல் எலக்ட்ரிக், 274 ஆர்சிஏ. வால்வின் தேதி பெட்டியின் தேதிக்குச் சற்று முந்தியிருந்தால் அது அசலாக இருக்க வாய்ப்புண்டு. பல மாதங்கள் பிந்தியதென்றால் பின்னர் மாற்றியதாகவே கொள்ளலாம். பெரிய பவர் வால்வுகள் விரைவில் தேய்வதால், முதலில் சிறிய ப்ரீஆம்ப் (தொடக்கநிலைப் பெருக்க) வால்வுகளிலேயே தேடுவது நல்லது. கண்ணாடியைத் துடைத்துவிடாதீர்கள், அச்சு, பாவம், விரல் பட்டாலே அழிந்துவிடும்.