ஐசிஜி நானோ துகளைச் சோதிக்கப் போகிறீர்களா?

ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்ற, லேசர் பட்டால் ஒளிரவும் சூடேறவும் செய்யும் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து வெளிச்சத்திலேயே விட்டுவிட்டுப் போனால் நாளாக நாளாக அந்தக் கரும்பச்சை வெளிறிவிடும், அதனால் அன்றன்றைக்குக் கரைத்து, குழாயை அலுமினியத் தாளால் சுற்றிவையுங்கள். பிஎல்ஜிஏ என்ற, உடலில் மெல்லச் சிதையும் பாலிமரால் ஆன நானோ துகளுக்குள் அடைத்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அடைபடாத சாயத்தை நீக்க, மையவிலக்கில் சுழற்றி, மேலே நிற்கும் நீரில் பச்சை தெரியாமல் போகும் வரைக்கும் கழுவுங்கள். இதில் சோம்பல்பட்டால் படத்தில் ஒளிர்வது துகளா வெறும் சாயமா என்று பிறகு உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் 808 நானோமீட்டர் லேசர், அதாவது அகச்சிவப்பு ஒளி. ஒளிர்வதும் புற்றுசெல்லைச் சூடாக்குவதும் ஒரே சாயம், ஆனால் சூடேற்றும்போது அதுவே சிதையும், எனவே முதலில் குறைந்த ஒளியில் படத்தை எடுத்துவிடுங்கள். ஒப்பிட, சாயமில்லாத கரைசலுக்கும் அதே லேசரைக் காட்டுங்கள். கற்றை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லையே என்று பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.