பிளஸ் டூவுக்குப் பிறகு நர்சிங்: பி.எஸ்சியா, டிப்ளமோவா, விண்ணப்பத்தில் எங்கே கோட்டை விடுகிறோம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே "நர்சிங் சீட் ரெடி, அட்வான்ஸ் மட்டும் கட்டிடுங்க" என்று போன் வர ஆரம்பித்துவிடும். அந்தப் போனுக்குச் சரி சொல்லும் முன்னால் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. இது தமிழ்நாட்டில் படித்து, மாநிலக் கவுன்சிலிங் வழியாகச் சேர நினைப்பவர்களுக்கானது. நர்சிங் என்றால் என்ன, நமக்குச் சரிவருமா என்பதெல்லாம் இதில் இல்லை. அதை முடிவு செய்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கோர்ஸைத் தேர்ந்தெடுப்பது

எந்தக் கோர்ஸின் பெயரைச் சொன்னாலும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முடித்ததும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் ஆர்.என்.ஆர்.எம் (பதிவுபெற்ற நர்ஸ், பதிவுபெற்ற மகப்பேறு உதவியாளர்) பதிவு கிடைக்குமா? பதிவு எண் இல்லாதவர் எத்தனை வருடம் வார்டில் வேலை பார்த்தாலும் சட்டப்படி நர்ஸ் கிடையாது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, வெளிநாடும் போக முடியாது. பேருந்து நிலையச் சுவர்களில் விளம்பரம் செய்யும் ஒரு வருட "டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட்", "ஹெல்த் அசிஸ்டென்ட்" வகையறா எதிலும் அந்தப் பதிவு வராது. உதவியாளர் வேலை போதும் என்றால் தாராளமாகச் சேரலாம். பின்னால் மேலே படிக்கலாம் என்று நினைத்துச் சேர்ந்தால் அந்த வருடம் வீண்தான், எதிலும் கழித்துக்கொள்ள மாட்டார்கள்.

மிச்சமிருப்பவை மூன்று. ஏ.என்.எம் எனப்படும் துணைச் செவிலியர் படிப்பு 2 வருடம். கிராம சுகாதார செவிலியர் வேலைக்கான பாதை, அதற்குத் தனிப் பதிவு. ஜி.என்.எம் எனப்படும் டிப்ளமோ 3 வருடம். பி.எஸ்சி நர்சிங் 4 வருடம், 8 செமஸ்டர். கடைசி இரண்டுக்கும் ஆர்.என்.ஆர்.எம் உண்டு.

பி.எஸ்சிக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் கட்டாயம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி, எஸ்.டிக்கு 40. சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். ஜி.என்.எம்முக்கு அதே கவுன்சில் எந்தக் குரூப்பையும் அனுமதிக்கிறது, 40 சதவீதம் போதும். அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் குரூப் பிள்ளைகளுக்கு உள்ளே வரும் கதவு ஜி.என்.எம்தான். ஆனால் அரசு நர்சிங் பள்ளிகளில் அறிவியல் குரூப்புக்கு முன்னுரிமை என்பதால் பிராஸ்பெக்டஸில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

இரண்டில் எது? என் கருத்தில் உயிரியல் குரூப் எடுத்து, கவுன்சிலிங்கில் சீட்டும் கிடைக்கிற மாதிரி இருந்தால் பி.எஸ்சி. காரணம் கணக்குதான். ஜி.என்.எம் 3 வருடம், பிறகு டிகிரி வேண்டுமென்றால் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி இன்னும் 2 வருடம், ஆக 5. டிகிரி இல்லாமல் எம்.எஸ்சி இல்லை, கல்லூரியில் பாடம் நடத்தவும் முடியாது. எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்காக நடத்தும் நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி முடித்தவர் நேராக விண்ணப்பிக்கலாம், ஜி.என்.எம் முடித்தவர் 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 வருட அனுபவம் காட்ட வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் எம்.ஆர்.பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் செவிலியர் தேர்வில் ஜி.என்.எம்மும் பி.எஸ்சியும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. டிகிரிக்கென்று அங்கே தனிச் சம்பளம் இல்லை. ஊரில் அரசு வேலை, அவ்வளவுதான் இலக்கு என்றால், அரசு நர்சிங் பள்ளியில் கிடைக்கும் ஜி.என்.எம் சீட்டை விட்டுவிட்டு லட்சக்கணக்கில் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.எஸ்சி சேர்வதில் அர்த்தமில்லை.

படி 2: கட்-ஆஃப் போடுவது

மாநிலக் கவுன்சிலிங்கில் பி.எஸ்சி நர்சிங்குக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். மொத்தம் 200-க்கு: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியல் 88, இயற்பியல் 76, வேதியியல் 81 என்றால் 88 + 38 + 40.5 = 166.5. தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக எடுத்தவர்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி உயிரியல் இடத்தில் வையுங்கள். தமிழிலும் கணக்கிலும் வாங்கிய 98 இங்கே சேராது. "மொத்தம் 540 வாங்கியிருக்கேன், ரேங்க் பின்னாடி வந்திருக்கே" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

கட்-ஆஃப் தெரிந்ததும் முந்தைய வருட அலாட்மென்ட் பட்டியலை எடுங்கள். இந்தக் கவுன்சிலிங்கை நடத்தும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் பி.டி.எஃப் ஆக இருக்கும். உங்கள் சாதிப் பிரிவில் எந்தக் கல்லூரி எந்த மார்க்கில் முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். யூடியூப் கணிப்பு வீடியோக்களை நான் நம்புவதில்லை. இந்தப் பட்டியல் ஒன்றே போதும்.

படி 3: சான்றிதழ்கள் (இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவது)

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் போய் எண்ணைச் சொன்னாலே போதும்: சாதி ரெவ்-101, இருப்பிடம் 102, வருமானம் 103, முதல் பட்டதாரி 104. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். வி.ஏ.ஓ, ஆர்.ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மூன்று கட்டம் தாண்ட வேண்டும். ஜூன் மாதம் தாலுகா அலுவலகத்தில் ஊரே நிற்கும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

முதல் பட்டதாரி என்றால் பெற்றோர் மட்டும் பார்க்கப்படுவதில்லை. அண்ணனோ அக்காவோ அஞ்சல் வழியில் பி.ஏ முடித்திருந்தாலும் சான்றிதழ் கிடைக்காது.

இனி பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கவிதா செ", ஆதாரில் "கவிதா செல்வம்", சாதிச் சான்றிதழில் "செ. கவிதா, த/பெ செல்வராஜ்" என்று இருக்கும். மூன்றும் ஒருவர்தான் என்று நமக்குத் தெரியும். ஆவணம் சரிபார்ப்பவருக்குத் தெரியாது. இங்கே அப்பா பெயர் செல்வமா செல்வராஜா என்பதுதான் சிக்கல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மூலமாக வைத்து மற்றதை அதற்கு ஏற்றபடி திருத்துங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது, மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு. கவுன்சிலிங்கில் எப்படியோ தப்பித்தாலும் இது பின்னால் திரும்ப வரும்: பல்கலைக்கழகச் சான்றிதழ், கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் வளைகுடா நாடுகளுக்கான ஆவணச் சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும்.

எய்ம்ஸ், ஜிப்மருக்கும் விண்ணப்பிப்பவர்கள் கவனிக்க: மாநில பி.சி, எம்.பி.சி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி நான்-கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அறிவிப்பில் குறிப்பிட்டிருக்கும் தேதிக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும்.

படி 4: விண்ணப்பம்

விண்ணப்பம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் இணையதளம் வழியாக. பி.எஸ்சி நர்சிங், பி.ஃபார்ம், பிசியோதெரபி எல்லாம் பாராமெடிக்கல் டிகிரி என்ற ஒரே விண்ணப்பத்தில் வரும். ஜி.என்.எம்முக்கு அறிவிப்பும் விண்ணப்பமும் தனி. ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டுக்கும் போட்டதாக நினைத்திருப்பவர்கள் ஏராளம்.

பிரவுசிங் சென்டரில் போடுவது தவறில்லை. ஆனால் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். அவசரத்தில் கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவார். ரேங்க் வரும்போது ஓ.டி.பி அவருக்குப் போகும். அவர் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார். பாஸ்வேர்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் விஷயத்தில், மொபைல் ஸ்கேனர் ஆப்பைவிடக் கடையிலுள்ள பிளாட்பெட் ஸ்கேனர்தான் என் தேர்வு. சான்றிதழின் கியூஆர் கோடும் அடி வரியும் வெட்டுப்படாமல் வரும்.

படி 5: கல்லூரியைச் சோதிப்பது

சென்னை எம்.எம்.சி, மதுரை, சேலம், செங்கல்பட்டு, தேனி, சிவகங்கை ஆகிய அரசு மருத்துவக் கல்லூரிகளை ஒட்டிய நர்சிங் கல்லூரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலின் மேலே வைக்கலாம். சுயநிதிக் கல்லூரி என்றால் நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம், ஆஸ்பத்திரியைப் பாருங்கள். நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கைக்குக் குறையாத தாய் மருத்துவமனை வேண்டும் என்றும், ஒரு மாணவருக்கு 3 நோயாளி என்ற விகிதம் வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சாதாரண வாரநாள் காலை 10 மணிக்கு வார்டுக்குள் நடந்து பாருங்கள். 100 கட்டில் இருக்கும், 15 நோயாளி இருப்பார்கள். அங்கே 60 பேர் பேட்ச் எதைக் கற்றுக்கொள்ளும்? ஐ.வி லைன் (ரத்தநாளத்தில் மருந்து ஏற்றும் குழாய்) போடுவதை டம்மி கையில் மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருவார்கள். பிரசவ வார்டு எங்கே போஸ்டிங், மனநல போஸ்டிங் எந்த ஊரில், பஸ் காசு யார் தருவது என்று இரண்டாம் வருட மாணவிகளிடம் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்காதீர்கள்.

ஆவணத்தில் பார்க்க வேண்டியது: மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், பி.எஸ்சி என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு. நடப்பு கல்வியாண்டுக்கான இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் பெயர். "போன வருஷம் இருந்தது, இந்த வருஷம் வந்துடும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டணத்தைக் கேட்கும்போது "ஃபீஸ் எவ்வளவு" என்று கேட்டால் டியூஷன் ஃபீஸ் மட்டும் சொல்வார்கள். ஹாஸ்டல், சீருடை, கிளினிக்கல் கட்டணம், பஸ், தேர்வுக் கட்டணம் சேர்த்து நான்கு வருடத்துக்கும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

படி 6: சாய்ஸ் கொடுப்பது

கம்ப்யூட்டரில் செய்யுங்கள், போனில் வேண்டாம். நோட்டில் எழுதிய வரிசையை அப்படியே ஏற்றி, லாக் செய்து, பிரிண்ட் எடுங்கள். சேவ் செய்தால் போதும் என்று நினைத்து லாக் பொத்தானை விட்டுவிடாதீர்கள். ஐந்து கல்லூரி மட்டும் கொடுப்பதும் ஆபத்து. போகவே மாட்டேன் என்ற கல்லூரியைத் தவிர மற்றதெல்லாம் விருப்ப வரிசையில் இருக்கட்டும். கிடைக்காது என்று தோன்றும் நல்ல கல்லூரியை மேலே வைப்பதால் கீழே உள்ளதற்கு நஷ்டமில்லை.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"கவுன்சிலிங் தள்ளிப் போகுது, பிரைவேட்ல இப்பவே சேரச் சொல்றாங்க." இந்த இழுத்தடிப்பை வைத்துத்தான் சில இடங்களில் அட்வான்ஸ் வசூல் நடக்கிறது. பாதுகாப்புக்காக ஒரு இடத்தில் சேர்ந்துதான் ஆக வேண்டுமென்றால் அசல் டி.சியையும் மார்க் ஷீட்டையும் கொடுக்காதீர்கள். நகலும் உறுதிமொழியும் மட்டும். அசலைக் கொடுத்துவிட்டால் முழுக் கட்டணம் கட்டாமல் திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு. கொடுக்கும்படி ஆகிவிட்டால் ஒவ்வொரு சான்றிதழின் பெயரும் எழுதி, முத்திரை போட்ட ரசீது வாங்குங்கள்.

"நீட் எழுதியிருக்கேன், பிரயோஜனம் உண்டா?" உண்டு. ஜிப்மர் பி.எஸ்சி நர்சிங்கும் ராணுவ நர்சிங் சேவையின் பி.எஸ்சி நர்சிங்கும் நீட் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. ராணுவத்தில் பெண்களுக்கு மட்டும், அதிலும் திருமண நிலை பற்றிய நிபந்தனை உண்டு. எய்ம்ஸ் தனி நுழைவுத் தேர்வு வைக்கிறது, அதுவும் பெண்களுக்குத்தான். பொதுப் பிரிவுக்கு 55 சதவீதம் வேண்டும். வேலூர் சி.எம்.சிக்குத் தனி விண்ணப்பம். பையன்கள் எந்த பிராஸ்பெக்டஸை எடுத்தாலும் முதலில் பாலினப் பத்தியைப் பாருங்கள், அப்புறம் கட்டணம் செலுத்துங்கள்.

"ஜி.என்.எம் முடிச்சு வேலையில இருக்கேன், லீவு போட்டு படிக்க முடியாது." இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், பணியில் இருக்கும் பதிவுபெற்ற நர்ஸ்களுக்கு 3 வருட போஸ்ட் பேசிக் உண்டு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

"அட்டென்டன்ஸ் 80 சதவீதம் போதுமாமே?" தியரிக்கு அது சரி. கிளினிக்கலுக்கு 100. அம்மை போட்டுப் பத்து நாள் படுத்தாலும் அந்தப் பத்து நாள் வார்டு வேலையைப் பின்னால் செய்து முடித்தால்தான் டிகிரி. செமஸ்டர் லீவில் மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது இதற்காகத் தங்கியிருப்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு.

கடைசியாக, இதை யாரும் கேட்கவில்லை, நானே சேர்க்கிறேன். அலாட்மென்ட் வந்த வாரமே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முதல் டோஸ் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தையில் போட்ட அட்டை இருந்தால் எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். அட்டவணை 0, 1, 6 மாதம். வகுப்பு தொடங்கிச் சில வாரங்களில் வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்போது இரண்டு டோஸாவது உடம்பில் இருக்க வேண்டும்.